பழைய லேப்டாப்பில் நெட்வொர்க் கார்டு காணவில்லை: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

வைஃபை ஐகான் மறைந்துவிட்டது என்றதும் விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றுகிறவர்கள் நிறையப் பேர். 2008 முதல் 2014 வரை வந்த லேப்டாப்களில் அந்த உழைப்பு பெரும்பாலும் வீண். சில சமயம் இருந்த டிரைவரும் (கார்டை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) போய் நிலைமை இன்னும் சிக்கலாகும். கார்டு மதர்போர்டுக்கே தெரியவில்லையா, மதர்போர்டுக்குத் தெரிந்தும் விண்டோஸ் அதைப் பயன்படுத்தவில்லையா என்று முதலில் பிரித்துவிடுங்கள். மதர்போர்டுக்கே தெரியாத கார்டை எந்த டிரைவராலும் கொண்டுவர முடியாது. தெரிகிற கார்டுக்குப் பெரும்பாலும் ஸ்க்ரூடிரைவரை எடுக்க வேண்டியதில்லை.

## எல்லாவற்றுக்கும் முன் ஒரு பென்டிரைவ் சோதனை

8 ஜிபி பென்டிரைவில் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவை எழுதி, இன்ஸ்டால் செய்யாமல் நேரடியாக அதிலிருந்து பூட் செய்யுங்கள். 2 ஜிபி ரேம்தான் இருக்கிறது என்றால் ஆன்டிஎக்ஸ் போதும். பூட் மெனு வர, திங்க்பேட், டெல், தோஷிபாவில் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசஸில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பயாஸுக்குள் (மெஷின் தொடங்கும்போது முதலில் ஓடும் அமைப்பு நிரல்) போய் அந்த மெனுவை முதலில் அனுமதிக்க வேண்டியிருக்கும்.

டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ -என்என் என்று சின்ன எழுத்தில் அடியுங்கள். வருகிற பட்டியலில் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்று தொடங்கும் வரி வைஃபை கார்டு. 'ஈதர்நெட் கன்ட்ரோலர்' என்பது கம்பி வழி லான். வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் சிப் யாருடையது என்று சொல்லும்: 8086 இன்டெல், 14ஈ4 பிராட்காம், 10ஈசி ரியல்டெக், 168சி ஏத்ராஸ். இரண்டாவது எண் மாடல். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வரி இருந்தால் முதல் இரண்டு அறிகுறிகளைப் பாருங்கள். வரியே இல்லையென்றால் நேராக மூன்றாவதுக்குப் போகலாம்.

## அறிகுறி 1: டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தோடு 'நெட்வொர்க் கன்ட்ரோலர்'

இருப்பதிலேயே நல்ல அறிகுறி இது. கார்டு உயிரோடு இருக்கிறது, டிரைவர்தான் இல்லை. அந்த வரியை இரட்டை கிளிக் செய்தால் ஒரு பிழை எண் (கோடு) தெரியும்.

கோடு 28: டிரைவர் ஏற்றப்படவில்லை. 'டீட்டெய்ல்ஸ்' டேபில் 'ஹார்டுவேர் ஐடிஸ்' தேர்ந்தெடுத்தால் மேலே சொன்ன அதே இரண்டு எண்கள் கிடைக்கும். லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து டிரைவரை எடுங்கள். ஒரே மாடலில் இன்டெல், பிராட்காம், ரியல்டெக் என மூன்று விதக் கார்டுகள் வந்திருக்கும். மூன்று டிரைவரையும் இறக்கி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்காமல், குறித்து வைத்த எண்ணுக்கு உரியதை மட்டும் போடுங்கள். எல்லா டிரைவரையும் தானே தேடித் தருவதாகச் சொல்லும் மென்பொருள்கள் பக்கம் போகாதீர்கள். அவை டிரைவரோடு வேண்டாத விளம்பரங்களையும் சேர்த்து ஏற்றிவிடும்.

டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும் என்ற முட்டுக்கட்டைக்கு ஆண்ட்ராய்டு போன் போதும். யூஎஸ்பி கேபிளில் செருகி, ஹாட்ஸ்பாட் செட்டிங்கில் 'யூஎஸ்பி டெதரிங்' ஆன் செய்யுங்கள். போன் ஒரு லான் கார்டு போலத் தெரியும். போன் வீட்டு வைஃபையில் இணைந்திருந்தால் மொபைல் டேட்டாவும் செலவாகாது.

கோடு 10, 31, 39: இருக்கிற டிரைவர் பொருந்தவில்லை அல்லது கெட்டுவிட்டது. 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுக்கும்போது டிரைவரையும் நீக்கும் கட்டத்தில் டிக் போட்டு நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, புதிதாகப் போடுங்கள். டிக் போடாமல் நீக்கினால் அதே கெட்ட டிரைவர் திரும்ப வந்து உட்காரும்.

கோடு 52: விண்டோஸ் 7இல் அடிக்கடி வரும். பின்னாளில் வந்த டிரைவர்களின் கையொப்பம் ஷா-2 முறையில் இருக்கும். அதைப் புரிந்துகொள்ளும் அப்டேட், எண் 4474419, போடப்படாத விண்டோஸ் 7 அந்த டிரைவரை ஏற்காது. அப்டேட்டைப் போடுங்கள், அல்லது பழைய பதிப்பு டிரைவரைத் தேடுங்கள்.

லினக்ஸில் இதே நிலை என்றால் பெரும்பாலும் பிராட்காம்தான் காரணம். இரண்டாவது எண் 4365 என்றால் பிராட்காமின் சொந்த டபிள்யூஎல் டிரைவர் மட்டுமே வேலை செய்யும். உபுண்டு, மின்ட்டில் டிரைவர் மேனேஜருக்குள் அது இருக்கும். 4315 என்றால் டபிள்யூஎல் போடலாம், அல்லது பி43 டிரைவரோடு அதன் ஃபர்ம்வேரைத் தனியாக ஏற்றலாம். 4727க்குக் கர்னலிலேயே (லினக்ஸின் மையப் பகுதி) டிரைவர் உண்டு. டபிள்யூஎல்லும் இன்னொரு டிரைவரும் ஒரே நேரத்தில் ஏறி மோதிக்கொண்டால் எதுவும் வேலை செய்யாது; ஒன்றைத் தடைப்பட்டியலில் போட வேண்டும்.

## அறிகுறி 2: கார்டு பெயர் சரியாக இருக்கிறது, ஆனால் வைஃபை ஆன் ஆக மறுக்கிறது

லேப்டாப்பின் ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள். திங்க்பேட் எக்ஸ்200 முதல் டி430 வரை, டெல் லாட்டிட்யூட் இ6400 வரிசை, லெனோவோ ஜி550 போன்றவற்றில் சின்னதாக ஒரு தள்ளு சுவிட்ச் உண்டு. பையில் வைத்து எடுக்கும்போது தானாக நகர்ந்திருக்கும். எச்பியில் விசைப்பலகைக்கு மேலே ஆண்டெனா படம் போட்ட தொடு பட்டன். ஆரஞ்சு நிறம் என்றால் ஆஃப்.

சுவிட்ச் இல்லாத மாடல்களில் எஃப்என் விசையோடு இன்னொரு விசை: டெல் இன்ஸ்பிரான், ஆசஸில் எஃப்2, ஏசரில் எஃப்3, லெனோவோவில் எஃப்5, தோஷிபாவில் எஃப்8. பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். விண்டோஸைப் புதிதாக ஏற்றிய பிறகு இந்த விசைகள் சும்மா இருக்கும், ஏனென்றால் அவற்றை இயக்கும் சிறு மென்பொருளும் அழிந்துவிட்டது. வைஃபை ஆஃப் நிலையில் இருந்தபோது விண்டோஸை மாற்றியிருந்தால், ஆன் செய்ய வழியே இல்லாமல் கார்டு அப்படியே நிற்கும். எச்பிக்கு 'வயர்லெஸ் பட்டன் டிரைவர்' அல்லது 'குயிக் லான்ச் பட்டன்ஸ்', ஏசருக்கு 'லான்ச் மேனேஜர்', ஆசஸுக்கு 'ஏடிகே பேக்கேஜ்', லெனோவோ ஐடியாபேடுக்கு 'எனர்ஜி மேனேஜ்மென்ட்', தோஷிபாவுக்கு 'வேல்யூ ஆடட் பேக்கேஜ்'. இவற்றை ஏற்றி, ரீஸ்டார்ட் செய்து, பிறகு விசையை அழுத்துங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் 'சர்வீசஸ்' பட்டியலில் 'டபிள்யூலான் ஆட்டோகான்ஃபிக்' ஓடுகிறதா என்று பாருங்கள். மெஷினை வேகப்படுத்துவதாகச் சொல்லும் மென்பொருள்கள் இதை நிறுத்தி வைத்திருக்கும். டிவைஸ் மேனேஜரில் கோடு 22 வந்தால் யாரோ டிசேபிள் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்; வலது கிளிக் செய்து எனேபிள் கொடுத்தால் முடிந்தது.

லினக்ஸில் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' கட்டளை தெளிவாகச் சொல்லிவிடும். 'சாஃப்ட் பிளாக்டு: யெஸ்' என்றால் மென்பொருள் தடை, 'ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல்' போதும். 'ஹார்டு பிளாக்டு: யெஸ்' என்றால் சுவிட்ச் தடை. சுவிட்சே இல்லாத ஐடியாபேட், ஏசர் மாடல்களில் ஹார்டு பிளாக் காட்டினால் அது பொய்த் தகவலாக இருக்கலாம்: ஐடியாபேட்_லேப்டாப் அல்லது ஏசர்_டபிள்யூஎம்ஐ மாட்யூலை (கர்னலோடு ஓடும் டிரைவர் துண்டு) ஓட்டத்திலிருந்து நீக்கிவிட்டுப் பாருங்கள்.

## அறிகுறி 3: கார்டு எங்கேயுமே இல்லை

விண்டோஸிலும் இல்லை, லினக்ஸ் பட்டியலிலும் இல்லை. டிரைவர் பற்றிய பேச்சே இனி வேண்டாம். செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள்.

மின்சாரத்தை முழுதாக வடித்தல். ஷட்டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பேட்டரி உள்ளே இருக்கும் மாடலில் அடி மூடியைத் திறந்து பேட்டரி கனெக்டரை எடுக்க வேண்டும். சும்மா ஷட்டவுன் செய்வது போதாது. விண்டோஸ் 8இலிருந்து வந்த 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' உண்மையில் முழுதாக அணைப்பதும் இல்லை. சிப் தொங்கிப்போய் நின்றிருந்தால் இந்த ஒரு வேலையிலேயே திரும்பி வந்துவிடும்.

பயாஸ். திங்க்பேடில் 'செக்யூரிட்டி' மெனுவில் 'ஐ/ஓ போர்ட் ஆக்சஸ்' என்ற பகுதியில் வயர்லெஸ் லான், ஈதர்நெட் லான் இரண்டும் எனேபிள் ஆக இருக்க வேண்டும். டெல் லாட்டிட்யூடில் 'வயர்லெஸ் டிவைஸ் எனேபிள்', 'இன்டக்ரேட்டட் என்ஐசி' இரண்டையும் பாருங்கள். எச்பியின் அலுவலக மாடல்களில் 'லான்/டபிள்யூலான் ஸ்விட்சிங்' என்று ஒன்று உண்டு: லான் கேபிள் செருகியிருக்கும்வரை வைஃபையை அணைத்து வைக்கும். லாட்டிட்யூடிலும் 'வயர்லெஸ் ரேடியோ கன்ட்ரோல்' அதையே செய்யும். கேபிளைப் பிடுங்கினால் வைஃபை வருகிறது என்றால் பழுது ஒன்றுமில்லை.

பயாஸில் தேதி ஒவ்வொரு முறையும் பழைய ஆண்டுக்குப் போய்விடுகிறது என்றால் சிமாஸ் பேட்டரி (தேதியையும் பயாஸ் அமைப்பையும் காக்கும் சின்ன பேட்டரி) தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட். சில லேப்டாப்களில் அதே பேட்டரி இரண்டு வயரோடு உறைபோட்டு வரும். அளந்தால் 2.7 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் மாற்றிவிட்டு, பயாஸை டீஃபால்ட்டுக்குக் கொண்டுபோய் மறுபடி சோதியுங்கள்.

கார்டைக் கழற்றிப் பொருத்துதல். பேட்டரி எடுத்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். பிஎச்0 ஸ்க்ரூடிரைவர் போதும். ஆண்டெனா வயர்கள் எங்கே மாட்டியிருக்கின்றன என்று போட்டோ எடுத்துக்கொண்டு, அவற்றை நேர் மேலாகத் தூக்குங்கள்; பக்கவாட்டில் நெம்பினால் கார்டிலிருக்கும் வட்டக் குமிழ் பெயர்ந்துவிடும். இந்தக் கனெக்டர்கள் முப்பது முறை கழற்றி மாட்டத்தான் வடிவமைக்கப்பட்டவை, எனவே விளையாட்டாகக் கழற்றாதீர்கள். ஸ்க்ரூவை எடுத்ததும் கார்டு தானாகச் சாய்வாக எழும்பும். அந்தச் சாய்விலேயே இழுங்கள்.

தங்க முலாம் பூசிய விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். கடலோர ஊர்களில் புழங்கிய லேப்டாப் என்றால் முலாம் மங்கி, ஓரிரு முனைகளில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழக் கூடாது. உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், முலாம் போனால் சில மாதத்தில் மறுபடி களிம்பு ஏறும். காய்ந்ததும் சாய்வாகச் செருகி, தங்க விளிம்பு ஏறத்தாழ முழுவதும் உள்ளே போனதை உறுதிசெய்து, அழுத்தி ஸ்க்ரூ போடுங்கள்.

ஆண்டெனா வயர் கழன்றதால் கார்டு காணாமல் போகாது. ஆண்டெனா இல்லாத கார்டு பட்டியலில் தெரியும், சிக்னல்தான் பக்கத்து அறையிலிருந்துகூட வராது.

புளூடூத்தைக் கவனியுங்கள். வைஃபையும் புளூடூத்தும் சேர்ந்த கார்டில், வைஃபை பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகவும் புளூடூத் யூஎஸ்பி வழியாகவும் மதர்போர்டோடு பேசுகின்றன. புளூடூத் மட்டும் தெரிகிறது என்றால் ஸ்லாட்டுக்கு மின்சாரம் வருகிறது. பழுது பிசிஐ எக்ஸ்பிரஸ் பக்கம். முனைகளை இன்னொரு முறை சுத்தம் செய்வது பலன் தரும்.

வேறு கார்டு. வேலை செய்வது உறுதியான ஒரு கார்டைப் போட்டுப் பாருங்கள். சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் கழற்றிய மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். இரண்டாவது கார்டும் தெரியவில்லை என்றால், அது பயாஸ் தடையாக இருக்கலாம் (அடுத்த அறிகுறி), இல்லையென்றால் மதர்போர்டு.

மதர்போர்டு. இங்கே ஒரு குடும்பத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். என்விடியா சிப்செட்டோடு (மதர்போர்டின் மையச் சிப்) வந்த எச்பி பெவிலியன் டிவி2000, டிவி6000, டிவி9000, காம்பாக் பிரசாரியோ வி3000, வி6000 மாடல்களில் வைஃபை கார்டு மறைவது பெரும்பாலும் கார்டின் குற்றமல்ல. சிப்பின் அடியில் உள்ள ஈய இணைப்புகள் சூட்டில் பலவீனமாகி விடுவதால் வருவது. 2008 ஜூலையில் என்விடியா இந்தப் பழுதுகளுக்காக 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது. எச்பி கூடுதல் வாரண்டி தந்தபோது பட்டியலிட்ட அறிகுறிகளில் 'டிவைஸ் மேனேஜரில் வயர்லெஸ் அடாப்டர் தெரியவில்லை' என்பதும் ஒன்று. இந்த மாடல்களில் வைஃபை மறைந்தால் முதலில் டேட்டாவை பேக்கப் எடுங்கள், அடுத்து திரையே போகக்கூடும். ஹீட் கன் வைத்துச் சூடாக்கித் தருகிறேன் என்கிறவரிடம் காசு கொடுக்காதீர்கள். சில வாரம் ஓடும், பிறகு அதே கதை.

## அறிகுறி 4: புதிய கார்டு போட்டதும் மெஷின் நின்றுவிடுகிறது அல்லது கார்டு தெரியவில்லை

திங்க்பேடில் 1802 என்ற எண்ணோடும், எச்பியில் 104 என்ற எண்ணோடும் 'அனுமதியில்லாத நெட்வொர்க் கார்டு' என்ற பொருளில் செய்தி வந்து பூட் நின்றால், கார்டு நன்றாகத்தான் இருக்கிறது. பயாஸுக்குள் அனுமதிப்பட்டியல் ஒன்று இருக்கிறது, உங்கள் கார்டு அதில் இல்லை. திங்க்பேட் எக்ஸ்200 முதல் எக்ஸ்230 வரை, எச்பி எலைட்புக் 8440பி, 8460பி போன்றவற்றில் இது உண்டு. டெல் லாட்டிட்யூட் இ வரிசையில் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை. எளிய வழி, அதே கம்பெனி தன் மாடலுக்கென்று விற்ற கார்டை வாங்குவது: லெனோவோவில் கார்டின் ஸ்டிக்கரில் எஃப்ஆர்யூ எண்ணும், எச்பியில் ஸ்பேர் பார்ட் எண்ணும் இருக்கும். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்த பிறகு காசு கொடுங்கள். சிப் ஒன்றேயானாலும் எண் வேறென்றால் ஏற்காது. பயாஸ் சிப்பில் கிளிப் மாட்டித் திருத்தி எழுதும் வழி இருக்கிறது. மூல பயாஸை நகலெடுத்து வைக்காமல் அதைத் தொட்டால் மெஷினையே இழக்க நேரிடும்.

செய்தி எதுவும் இல்லாமல் கார்டு மட்டும் தெரியவில்லையா, அல்லது தெரிந்தும் ஆன் ஆகவில்லையா? மூன்று காரணங்கள் உண்டு.

தவறான ஸ்லாட். 3ஜி மோடம் கார்டுக்கான இரண்டாவது மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பல மாடல்களில் அதற்கு யூஎஸ்பி இணைப்பு மட்டுமே போகிறது.

தவறான வகை. எம்.2 ஸ்லாட் (மினி பிசிஐ எக்ஸ்பிரஸுக்குப் பின் வந்த சிறிய வகை) உள்ள 2014–17 லேப்டாப்களுக்கு இன்டெல் ஏஎக்ஸ்201, 9560, 9462 வாங்கிவிடுகிறார்கள். இவை சிஎன்விஐ வகை. கார்டில் பாதிதான் இருக்கிறது, மீதி பாதி எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் சிப்செட்டுக்குள் இருக்க வேண்டும். ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காரும், ஆனால் ஒருபோதும் தெரியாது. ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210 கேட்டு வாங்குங்கள். இவற்றுக்கு விண்டோஸ் 7 டிரைவர் கிடையாது.

20ஆம் முனை. கார்டு தெரிகிறது, ஆனால் எப்போதும் ஹார்டு பிளாக். மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டின் 20ஆம் முனைதான் ரேடியோவை அணைக்கும் கம்பி. இரட்டைப்படை முனைகள் கார்டின் அடிப்பக்கம் இருக்கின்றன. வெட்டுப்பள்ளத்துக்கு ஒரு பக்கம் 8 முனைகள், மறுபக்கம் 18. அந்த நீண்ட பக்கத்தில் பள்ளத்தை ஒட்டிய முதல் முனை 18, அடுத்தது 20. அதை மட்டும் மூடும் அளவுக்குக் காப்டன் டேப்பை (சூடு தாங்கும் மஞ்சள் டேப்) மெல்லிய கீற்றாக வெட்டி ஒட்டுங்கள். சாதாரண செலோ டேப் சூட்டில் பசை விட்டு ஸ்லாட்டைக் கெடுக்கும். இதற்குப் பிறகு வைஃபை சுவிட்ச் வேலை செய்யாது என்பது நினைவிருக்கட்டும்.

## அறிகுறி 5: வருகிறது, போகிறது

ஸ்லீப்பிலிருந்து எழுந்தால் மட்டும் காணவில்லை என்றால் மின்சேமிப்பு. கார்டின் 'பவர் மேனேஜ்மென்ட்' டேபில் கம்ப்யூட்டர் இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் 'லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்'டை ஆஃப் செய்யுங்கள்.

அரை மணி ஓடிச் சூடேறியதும் மறைந்து, ஆறிய பிறகு வருகிறது என்றால் மின்விசிறித் தூசும் காய்ந்த தெர்மல் பேஸ்ட்டும் முதல் சந்தேகம். சுத்தம் செய்தும் தொடர்ந்தால் கார்டில் இருக்கும் சிப்பின் இணைப்பு விட்டுப் போயிருக்கிறது, கார்டை மாற்றுங்கள். மூலையைப் பிடித்து லேப்டாப்பைத் தூக்கும்போது போகிறது என்றால் கார்டின் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது, அல்லது ஸ்லாட்டின் காலில் விரிசல்.

## அறிகுறி 6: வைஃபை சரி, கம்பி வழி லான் மட்டும் காணவில்லை

லான் சிப் மதர்போர்டிலேயே ஒட்டியிருப்பதால் கழற்றி மாற்ற வழியில்லை. மின்சாரம் வடித்தல், பயாஸ் இரண்டையும் மேலே சொன்னபடி செய்யுங்கள். ரியல்டெக் 8168, 8136 சிப்கள் மின்சாரம் வடித்ததும் திரும்பி வருவது அடிக்கடி நடக்கும்.

இடி மின்னலுக்குப் பிறகு காணாமல் போயிருந்தால் நம்பிக்கை குறைவு. தொலைபேசிக் கம்பி வழியாக இறங்கும் அதிர்வு மோடத்தைத் தாண்டி லான் கேபிளில் ஏறி நேராக இந்தச் சிப்பைத் தாக்குகிறது. கேபிளைச் செருகினால் விளக்கு எரியாது, சிப் தொட முடியாத அளவு சுடும். அப்படிச் சுட்டால் லேப்டாப்பைத் தொடர்ந்து ஓட்டாதீர்கள்; உள்ளே ஷார்ட் ஆன சிப் தன் 3.3 வோல்ட் லைனையும் இழுத்துக்கொண்டு போகும்.

## எங்கே நிறுத்திக் கடைக்குப் போவது

இரண்டு வெவ்வேறு கார்டு போட்டும் லினக்ஸ் பட்டியலில் ஒன்றுமே வரவில்லை, சிப் சுடுகிறது, ஸ்லாட்டில் வளைந்த கால், தண்ணீர் பட்ட தடம்: இவற்றில் எது இருந்தாலும் வீட்டு வேலை முடிந்தது. சிப் அளவில் வேலை செய்யும் கடைக்குப் போங்கள். மொட்டையாக 'வைஃபை வரலை' என்று சொல்லாமல், ஸ்லாட்டில் 2, 24, 52ஆம் முனைகளில் 3.3 வோல்ட் வருகிறதா, 100 மெகாஹெர்ட்ஸ் கிளாக் வருகிறதா, 22ஆம் முனையில் ரீசெட் சிக்னல் மேலே எழுகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். மூன்றையும் அளக்கத் தெரிந்தவர் என்றால் மெஷினை நம்பிக் கொடுக்கலாம். வோல்ட் இல்லாவிட்டால் ஒரு மாஸ்ஃபெட் (மின்சாரத்தைத் திறந்து மூடும் சின்ன பாகம்) மாற்றும் வேலையாக முடியலாம். மூன்றும் இருந்தும் கார்டு வரவில்லை என்றால் சிப்செட். அதற்குச் செலவு செய்யாதீர்கள்.

அப்போது யூஎஸ்பி வைஃபை டாங்கிளே போதும். லினக்ஸ் என்றால் ஏத்ராஸ் ஏஆர்9271 அல்லது மீடியாடெக் எம்டி7612யூ சிப் உள்ளதைக் கேளுங்கள், தனி டிரைவர் தேவைப்படாது. லானுக்கு ரியல்டெக் 8152 அல்லது 8153 சிப் உள்ள யூஎஸ்பி அடாப்டர். லேப்டாப்பில் யூஎஸ்பி 2.0 மட்டுமே இருந்தால் விலை குறைந்த 8152 போதும். புதிய குட்டி டாங்கிள் சில, செருகியதும் வைஃபையாக இல்லாமல் சிடி டிரைவாகத் தெரியும். பழுது என்று கடையில் திருப்பிக் கொடுக்காதீர்கள்: அந்த சிடிக்குள் விண்டோஸ் டிரைவர் இருக்கிறது, ஏற்றியதும் வைஃபையாக மாறும். லினக்ஸில் அதை 'எஜெக்ட்' செய்தால் பெரும்பாலும் மாறிவிடும், இல்லையென்றால் யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற மென்பொருளைப் போட வேண்டும்.